காப்புக் கட்டுவதற்கு முன்

1

ஆறு வாரங்களுக்கு முன், நான் பிறந்து வளர்ந்த மண்ணுக்குச் செல்வதற்காக எனக்கு இங்கே மூன்று ஊசிகள் போட்டார்கள். ஊசி போட்ட இளம்பெண் சுவரிலிருந்த உலகப்படத்தின் முன் நின்று, எந்த இடம் என்று கேட்டாள். மதுரைக்குத் தெற்கே, பெயர் எதுவும் அச்சிடப்படாத வெளிர்மஞ்சள் பரப்பில் விரலை வைத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பருக வேண்டாம் என்றும், கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கனிவோடு அறிவுறுத்தினாள். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அந்தக் கண்மாய்த் தண்ணீரைக் குடித்தே உயிர் வாழ்ந்தவன் நான் என்று சொல்ல நாவெழுந்தது. ஆனால் அவள் தந்த மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நன்றி கூறி வந்தேன்.

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இருந்து இவ்விதழைப் படிக்கும் அன்பர்களில் சிலர் என்னிடம் தமிழ் படித்தவர்கள். மனைவி மறைந்த பின், பணி ஓய்வு பெற்ற கையோடு, இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரியும் என் மகள் கயல்விழியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பத்தாண்டுகள் ஆகின்றன. இக்குறிப்புகளை இலண்டன் வானூர்தி நிலையத்தில் அமர்ந்து எழுதுகிறேன். நீங்கள் இதைப் படிக்கும் வேளையில், இதில் நான் அஞ்சும் செய்தி என்னவாயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியாது.

கயல்விழியின் மருத்துவமனையில் ஆலன் என்றோர் அறுவை மருத்துவர் இருக்கிறார். ஆண்டுக்கொரு முறை தம் திருச்சபை நண்பர்களைத் திரட்டிக்கொண்டு, சொந்தச் செலவில், ஏதேனும் ஒரு நாட்டின் சிற்றூர் மருத்துவமனைக்குச் சென்று பத்து நாள் தொண்டு செய்து திரும்புவது அவர் வழக்கம். இவ்வாண்டு கயல்விழியின் வற்புறுத்தலால், திருச்சுழிக்கு அருகே இருபது படுக்கைகள் கொண்ட ஒரு சிறு மருத்துவமனையைத் தேர்ந்தார். ஒன்பது பேர் கொண்ட பட்டியலில் மற்றவர் பெயர்களுக்கு எதிரே அறுவை, மயக்கமருந்து, செவிலி என்றிருந்தன. என் பெயருக்கு எதிரே மொழி என்று எழுதியிருந்தார்கள்.

நான் இசைந்தது தொண்டுள்ளத்தால் என்று நீங்கள் கருதிவிடக் கூடாது. என் தங்கையின் கழுத்துக்காக இசைந்தேன்.

2

முத்துராக்கு என்னினும் பதினோராண்டு இளையவள். பரளச்சிக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலேயே தாய்மாமன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் கழுத்தில் முதலில் எலுமிச்சை அளவில் தோன்றிய கழலை, இன்று அரைத் தேங்காயைக் கவிழ்த்தது போல இருப்பதாக மடல்கள் சொல்கின்றன. இரண்டாண்டுகளாக அவளால் படுத்துறங்க இயலவில்லை. சுவரில் சாய்ந்தபடி உறங்குகிறாள். அப்போதும் மூச்சு சீழ்க்கையடிக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே அவளை மதுரைக்கு அழைத்துச் சென்று ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். அறுவைக்குக் குறித்த நாளின் காலையில் படுக்கை வெறுமையாக இருந்தது. தேடி அலைந்து, கடைசியில் அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். மருத்துவமனைக் குவளையைக் கையில் பற்றியபடி பலகையில் அமர்ந்திருந்தாள்.

"ஏன் தாயி ஓடியாந்த?"

"பக்கத்துக் கட்டில்காரிக்கும் இதே கட்டிதாண்ணே. அறுத்து மூணு நாளாச்சு. வாயத் தொறந்தா வெறுங் காத்துதான் வருது. பேச்சில்லாமக் கெடக்குறதுக்கு மூச்சில்லாமக் கெடந்துட்டுப் போறேன்." குவளையை என்னிடம் நீட்டினாள்: "இந்த டம்ளர மட்டும் கொண்டு போயிக் குடுத்துரு. களவாணிச் சிறுக்கின்னு சொல்லிருவாக."

எங்கள் ஊரில் அவள் குரலுக்கு ஓர் இடம் உண்டு. முளைப்பாரி கோயிலை விட்டுப் புறப்படும்போது முதற்குலவை அவளுடையது. அவள் வாயெடுக்கும் வரை மற்றப் பெண்கள் காத்திருப்பார்கள். பருத்திக்காட்டில் களையெடுப்போரை அவள் ஏசினால் கண்மாயின் எதிர்க்கரையில் நிற்பவரும் குனிந்து வேலை பார்ப்பார் என்று ஊரில் கேலி பேசுவதுண்டு.

ஆலனின் குழு வரவிருப்பதையும், அவர் கைத்திறனையும், நான் உடன் வருவதையும் எழுதினேன். அடுத்த வீட்டுப் பெண்ணைக் கொண்டு எழுதுவித்த மறுமொழி ஒரே வரி: "நீ வந்து பக்கத்துல நின்னா அறுத்துக்கிடுறேன்."

3

சென்ற இலையுதிர் காலத்தில் ஆலன் என்னிடம் ஒரேயொரு வினாதான் கேட்டார். எந்த இரு வாரங்கள் மக்களுக்கு ஏற்றவை? திருவிழா ஏதேனும் குறுக்கிடுமா?

பொறுப்புணர்ந்தே விடையிறுத்தேன். பருத்தியும் மிளகாயும் எடுத்து முடிந்து, சோளமும் குதிருக்குள் சென்ற பின், பங்குனியில் மக்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று எழுதினேன். அருப்புக்கோட்டைப் பங்குனிப் பொங்கலின் நாள்களை விலக்கினேன். ஐந்திணை அறிந்தவன் பஞ்சாங்கம் அறியாமல் போவானா என்ற செருக்கோடு அதையும் புரட்டிப் பார்த்தேன். இவ்விரு வாரங்களில் திருவிழா எதுவுமில்லை என்று தட்டச்சிட்டுக் கையொப்பமிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒன்பது பேர் விடுப்பு எழுதிக் கொடுத்துப் பயணச்சீட்டும் வாங்கிவிட்டார்கள்.

புறப்பட மூன்று வாரம் இருக்கையில் பரளச்சித் தொலைபேசிக் கடைக்குப் பேசினேன். கடைக்காரர் என் பழைய மாணவர். "ஐயா, பத்து நிமிசங் கழிச்சுப் போடுங்க. ஆள அனுப்பி அத்தையக் கூட்டியாரச் சொல்றேன்" என்றார். அவ்வாறே மீண்டும் அழைத்தேன்.

"நல்லாருக்கியாண்ணே? குளுராமே அங்க?"

"குளிர் கிடக்கட்டும். பங்குனி நடுவில் வருகிறோம். ஆயத்தமாக இரு."

"பங்குனி நடுவுலயா?" அவள் குரல் தாழ்ந்தது. "நேத்துத்தான ஊர்ல பொங்கல் சாட்டிருக்கு. நீ சொல்ற அந்த வாரத்துலதான் காப்பு."

"அருப்புக்கோட்டைப் பொங்கல் அடுத்த வாரமல்லவா தாயி?"

"அது டவுனுப் பொங்கலு. டவுனுக்கு மோதாமதான நம்மூர்ல நாள் வைப்பாக? மோதுனா ராட்டினக்காரன் வருவானா, வளவிக்காரன் வருவானா, கட்டிக் குடுத்த பிள்ளைகதான் வருமா? அதுகூடவா மறந்து போச்சு?"

மறந்துதான் போயிருந்தேன். நகரத் திருவிழாவை விலக்கி நான் தேடிப் பிடித்த அதே இடைவெளியைத்தான், அதே காரணத்துக்காக, என் ஊரும் தேடிப் பிடித்திருந்தது. எங்கள் அம்மன் பொங்கலின் நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் ஏறுவதில்லை. ஊர் கூடிப் பேசி முடிவு செய்யும். இளமையில் நானும் அக்கூட்டத்தில் உட்கார்ந்து, அந்த வாரம் டவுனுல பொங்கலு என்று கைதூக்கித் தடை சொன்னவன்தான்.

காப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அம்மனுக்கும் பூசாரிக்கும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அந்நேரம் ஊருக்குள் இருப்பவர் பகலில் எங்கும் சென்று வரலாம், இரவு வெளியே தங்கலாகாது. அந்நேரம் வெளியே இருப்பவர் காப்பு அவிழும் மறுவாரப் புதன் வரை ஊருக்குள் வந்து தங்கலாகாது என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. அறுவைக்காக மருத்துவமனை அனுப்பியிருந்த பதினான்கு பெயர்களில் ஒன்பது எங்கள் ஊராருடையவை. சிறு கட்டிகளைக் காலையில் அறுத்து மாலையில் அனுப்பிவிடலாம் என்று எட்டுப் பெயர்களுக்குக் குறியிட்டார். ஒன்பதாம் பெயரான முத்துராக்கில் பேனா நின்றது.

"கழுத்தை முதல் நாளே செய்தாக வேண்டும். ஐந்து இரவுகள் என் கண்முன் இருக்க வேண்டும். கடைசி நாளில் செய்துவிட்டு நான் வானூர்தி ஏற மாட்டேன்" என்றார்.

வீட்டில் கயல்விழி கேட்டாள்: "அப்பா, ஒரு ஆளுக்கு மட்டும் விடக் கூடாதா? உயிர் போற காரியம்னா உங்க ஊர்ல கேக்க மாட்டாங்களா?"

உங்க ஊர். அவள் மண் பிசைந்து விளையாடி, இருபத்தொரு வயது வரை வளர்ந்த ஊர் அது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நாள் குறித்ததில் அவளினும் அயலானாகத் தேறியவன் நான்.

4

மறுவாரம் மீண்டும் அழைத்தேன். ஊர்ப் பெரியவர்களுக்கு எழுதி நாளைத் தள்ளி வைக்கச் சொல்லவா என்று தொடங்கினேன்.

"அம்மனுக்கு லண்டன்லருந்து தந்தி குடுக்கப் போறியாக்கும்? நல்லாருக்கு!"

"அப்படியானால் காப்புக் கட்டும் முன்பே நீ வெளியே வந்துவிடு. செவ்வாய் பகலிலேயே மருத்துவமனைக்கு வந்து இருந்துகொள். நாங்கள் வியாழன் வந்து சேர்வோம். வெள்ளியன்று முதலாவதாக உனக்குத்தான்."

மூச்சின் சீழ்க்கை கேட்டது.

"பொங்கலன்னைக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன்னு சொல்ற."

"ஆம்."

"அப்ப முளைப்பாரிக்கு யாரு குலவை போடுவா? எம் மருமகளா? அவ குலவை போட்டா கெடை ஆடு பூராம் மெரண்டு ஓடும்." சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. "எங்க வீட்டுக்காரவுகளும் வர முடியாதுண்ணே. கோயில் காரியம் பூராம் அவுக கையில. நான் ஒத்தையிலதான் வரணும்."

"நான் இருப்பேன்."

"நிப்பேல்ல? கையெழுத்து நீதான் போடணும். வேற யாரும் போட்டா எந்திரிச்சுப் போயிருவேன்."

"நான்தான் போடுவேன்."

"சரி. வாரேன். மருதையில ஓடுன மாதிரி ஓட மாட்டேன். ஆனா ஒண்ணு. பேச்சுப் போகும்னா முன்னாடியே சொல்லிப்புடு. எங்கிட்ட ஒளிக்கக் கூடாது."

"அதெல்லாம் ஒன்றும் ஆகாது தாயி."

அவ்வளவு விரைவாக அச்சொற்கள் என் வாயிலிருந்து வந்தன. ஆலன் என்னிடம் சொல்லியிருந்தது வேறு. கழலை பெரிது, குரல் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, குரல் கம்மலாம், அரிதாக மீளாமலே போகலாம் என்று அவர் ஒரு தாளில் படம் வரைந்தே காட்டியிருந்தார். அத்தாள் என் சட்டைப்பைக்குள் இருந்தது.

5

குடியுரிமை மாறிய பின், தாய்நாட்டுக்குள் நுழையவும் இசைவு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். செல்லும் நோக்கம் என்ற கட்டத்தில், உள்ளதை உள்ளவாறு, மருத்துவமனையில் தொண்டு என்று எழுதினேன். அறப்பணிக்குச் செல்வோர் இணைக்க வேண்டிய சான்றுகள் இன்னின்னவை என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. அச்சான்றுகளைத் திருச்சுழியிலிருந்து தருவிக்க நாளில்லை. கயல்விழியும் மற்றவர்களும் முன்னமே முறைப்படி வாங்கியிருந்தார்கள். நான் மட்டும் எனக்கு எதற்கு இத்தனை என்று காலந்தாழ்த்தியிருந்தேன். இரண்டாம் முறை நேரில் சென்று வரிசையில் நின்றேன்.

"அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அலுவலர்.

"தங்கை."

"அப்படியானால் தங்கையைப் பார்க்க என்று எழுதுங்கள். அது போதும். ஆனால் அந்த இசைவில் சென்றால் ஊதியமின்றியும் எந்தப் பணியும் செய்யக் கூடாது. ஒப்புக்கொள்கிறீர்களா?"

ஒப்புக்கொண்டேன். கடவுச்சீட்டு அஞ்சலில் வரும் என்றார். பட்டியலில் என் பெயருக்கு எதிரே இருந்த மொழி என்ற சொல்லை ஆலன் அடித்து, உறவினர் என்று எழுதினார். மொழிபெயர்க்கும் கடமை கயல்விழிக்கு மாறியது. அவள் தமிழ் நாளுக்கு நாள் ஆங்கிலத்தில் கரைந்து வருவதை எண்ணி, அறுவை இசைவுத் தாளை மட்டும் நானே தமிழில் எழுதித் தருவதாகச் சொன்னேன். இங்கிருந்து எழுதினால் அது பணியாகாது என்று எனக்கு நானே தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன்.

நான்கு நாள் அதில் உழைத்தேன். மயக்கமருந்து, குருதி, தையல் எல்லாவற்றுக்கும் நல்ல சொற்கள் அமைந்தன. குரல் பற்றிய வரியை மட்டும் ஏழு முறை அடித்து எழுதினேன். இறுதியில் அது இவ்வாறு நின்றது: "அறுவைக்குப் பின் சிலர்க்குக் குரல்வளத்தில் சிறிது வேறுபாடு தோன்றி நாளடைவில் சீர்ப்படும்."

6

இன்று செவ்வாய். மாலையில் வானூர்தி. காலை வரை கடவுச்சீட்டு வரவில்லை.

பத்தரை மணிக்கு, அங்கே பிற்பகல் வேளையில், திருச்சுழி மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. உங்கள் தங்கை வந்து சேர்ந்துவிட்டார், ஒரு மூட்டையோடு தனியாகப் பேருந்தில் வந்தார், அண்ணன் எப்போது வருவார் என்று மூன்று முறை கேட்டுவிட்டார் என்று அலுவலகத்திலிருந்த பெண் சொன்னாள். நான் வாயிற்கதவின் அஞ்சல் துளைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் சொல்லை நம்பி அவள் ஊரை விட்டு வெளியேறிவிட்டாள். நானோ வீட்டை விட்டு வெளியேறத் தாளின்றி இருந்தேன். பதினொரு மணி. பதினொன்றரை. தெருவில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து எழுந்து அமர்ந்தேன்.

நண்பகல் அஞ்சலில் உறை வந்தது. கயல்விழி அதைப் பிரித்து முத்திரையைச் சரிபார்த்தாள். "வந்துருச்சுப்பா. உக்காருங்க" என்றாள். பின்னர் அடுக்களை மேசையில் என்னை எதிரே அமர்த்தி, இசைவுத் தாளை எடுத்தாள். "ஒரு தடவ வாசிச்சுப் பழகிக்கிறேன். நீங்கதான கையெழுத்துப் போடப் போறீங்க. கேளுங்க."

தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தாள். ஆயினும் வாசித்தாள். குரல் வரியை அடைந்ததும் நிறுத்தி, ஆங்கிலத் தாளை அருகில் இழுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா. இதுல அப்படி இல்லையே."

ஆங்கில வரியின் மேல் விரலை வைத்தாள்.

"மாறலாம், போகலாம், திரும்பாமயும் போகலாம்னு இருக்கு. நீங்க சீர்ப்படும்னு எழுதிருக்கீங்க."

"ஓடிவிடுவாள், கயல்."

"ஓடட்டும். அவங்க கழுத்து அது." அவள் எழுந்து நின்றாள். "எங்க வார்டுல இப்படி ஒருத்தரு எழுதிக் குடுத்தா அவர வேலைய விட்டு அனுப்பிருவாங்க. நீங்களாப்பா?"

நாற்பதாண்டுகள் பிறர் எழுத்தில் பிழை திருத்தியவன் நான். பேனாவை எடுத்து என் வரியை அடித்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன்: "உங்களுக்குப் பேச்சு கம்மிப் போகலாம். சில பேருக்குப் பேச்சு போய்விடும். திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம்." அதில் மாற்ற எனக்கு ஒரு சொல்லும் தோன்றவில்லை.

"வெள்ளிக்கிழம வாசிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்கப்பா. இப்பவே சொல்லுங்க" என்று தொலைபேசியை என் முன் நகர்த்தினாள்.

இணைப்புக் கிடைக்க இருபது மணித்துளி ஆயிற்று. மருத்துவமனைப் பெண் சென்று அழைத்து வந்தாள். முத்துராக்கின் மூச்சு முதலில் வந்தது, குரல் பின்னால் வந்தது.

"அண்ணே, ஏறிட்டியா?"

"இன்னும் இல்லை. மாலையில்தான். தாயி, ஒரு செய்தி சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ கேட்டாயே, பேச்சுப் போகுமா என்று. போகலாமாம். எல்லார்க்கும் அல்ல. ஆனால் போகலாம். போனால் திரும்பாமலும் இருக்கலாம். எனக்கு அன்றைக்கே தெரியும்."

சீழ்க்கை போய் வந்தது. போய் வந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அங்க மணி என்னண்ணே?"

"ஒன்று பத்து."

"இங்க பொழுது சாஞ்சிருச்சு. இந்நேரம் ஊர்ல காப்புக் கட்டியிருப்பாக. இனி நான் நெனச்சாலும் ஊருக்குள்ள போய்ப் படுக்க முடியாது. அது தெரிஞ்சுதான் இப்பச் சொல்றியா?"

மணியை நான் பார்க்கவே இல்லை என்று அவளிடம் சொல்லத் தொடங்கினேன். காலை பத்தரைக்கே அவள் அங்கே இருந்தாள் என்பதும், அப்போதே நான் அழைத்துச் சொல்லியிருந்தால் திரும்பிச் செல்ல அவளுக்குப் பேருந்து இருந்தது என்பதும் நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அஞ்சல் துளையைப் பார்த்தபடி அமர்ந்திருந்த அந்நேரத்தில் என் மனத்துக்குள் என்ன இருந்தது என்று இப்போதும், இந்த நிலையத்தின் விளக்குகளுக்கு அடியில் அமர்ந்தும், எனக்குத் துணிந்து சொல்ல இயலவில்லை.

"தெரியவில்லை தாயி" என்றேன்.

"ஒனக்கே தெரியலையாக்கும்."

"ஆம்."

"ஒளிக்காதன்னு சொன்னேன்ல?"

"சொன்னாய்."

"சரி, வந்து சேரு." குரல் கரகரத்தது, ஆனால் அதில் பருத்திக்காட்டு வீச்சு இருந்தது. "போன்ல வஞ்சா பத்தாது. நேர்ல வச்சு ஒன்னைய வையணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரு. அன்னைக்கு வரைக்கும் எனக்குப் பேச்சு இருக்கு."